கதிர் படாத வீடு

“நெட் மோடத்தை ஹாலுக்கு மாத்தச் சொல்லலண்ணே. கழத்தி எடுத்துட்டே போயிருங்க” என்றாள் ரம்யா.

ஸ்டூல் மேல் நின்றிருந்த இசக்கிராஜாவுக்கு எரிச்சல் மண்டியது. முத்தையாபுரத்தில் பாதி வீடுகளுக்கு வயரிங் பார்க்கிறவன் அவன். தாய்க்கும் மகனுக்கும் நடுவில் ஒரு மருமகள் இவ்வளவு பச்சையாகக் கத்தரி போடுவதை எங்கேயும் பார்த்ததில்லை.

“ஏம்மா, பெரியம்மாவுக்கு பேஸ்மேக்கர் வச்சிருக்குன்னா போனை நெஞ்சுப் பக்கம் வைக்கக் கூடாது, கரண்டு அடுப்புகிட்ட ரொம்பக் குனியக் கூடாது. அம்புட்டுதான். மோடம் அது பாட்டுக்கு மூலையில கெடந்தா ஒண்ணும் செய்யாது.”

“செய்யுதோ செய்யலையோ, ரேடியேஷன்னு எதுவுமே வீட்டுக்குள்ள வேண்டாம்ண்ணே.”

அவன் கட்டிலைப் பார்த்தான். போன மாதம் ஆபரேஷன் முடிந்து வந்த மாமியார் முத்துக்கனி, தலையணையில் சாய்ந்தபடி பிச்சிப்பூ கட்டிக்கொண்டிருந்தாள். மகன் ஜெயகணேஷ் வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். காலையில் அவன் முகத்தை வீடியோ காலில் பார்த்தால்தான் அவளுக்குக் காபியே இறங்கும். ஒருநாள் நெட் வரவில்லை என்று இசக்கிராஜாவை வீடு தேடிப் போய் அவள் கிழித்த கிழி தெருவுக்கே தெரியும்.

இன்றைக்கு ஒரு ஆட்டம் இருக்கிறது என்று அவன் காத்திருந்தான்.

“கழத்துலே. அவ சொல்லுததும் சரிதான்” என்றாள் முத்துக்கனி. தலையணைக்கு அடியிலிருந்து தன் போனை எடுத்து நீட்டினாள். அது ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது.

பிறகு மருமகள் பக்கம் திரும்பினாள்.

“ஆனா ஒண்ணு. எனக்கு ஆவாதது வயித்துப் பிள்ளைக்கு மட்டும் ஆவுமா? ஏளா, ஒம்போனையும் கொண்டா. ரெண்டையும் சேத்து அலமாரியில பூட்டிருவோம்.”

ரம்யா கொஞ்சம் தயங்கினாள். ஏழு மாத வயிறு. போன வாரம் போட்ட வளைகாப்பு வளையல் இரண்டு கையிலும் நிறைந்திருந்தது. பிறகு கொடுத்துவிட்டாள். மாமியார் எழுந்துபோய்ப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“டிவியும் நெட்டுலதானலே ஓடுது? அதையும் பிடுங்கிரு.”

“கரண்டு அடுப்பையும் பரண்ல ஏத்திருங்கண்ணே. நான் கேஸ்லயே பொங்கிக்கிடுதேன்.”

இவள் ஒன்று சொன்னால் அவள் இன்னொன்று சொன்னாள். மாமியாரும் மருமகளும் இப்படி ஒத்துப்போகிற வீட்டை டிக்கெட் போட்டே காட்டலாம் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

“இங்கன வாளா” என்று மருமகளைக் கட்டிலோரம் உட்காரவைத்து, கட்டி முடித்த சரத்தை அவள் தலையில் வைத்தாள் முத்துக்கனி. குத்தப்போன ஊக்கு இரண்டு தடவை கீழே விழுந்தது. ஆபரேஷன் பண்ணின உடம்பு, பாவம்.

“போதும் அத்தை.”

“கெடக்கட்டும். இன்னும் கொஞ்சம் வச்சுக்க.”

இசக்கிராஜா அடுப்பை எடுக்க அடுக்களைக்குப் போனான். ரம்யா பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள். குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள்.

“அண்ணே, அவுக போயிட்டாகண்ணே.”

“யாரு? எங்க?”

“கிரேன் சரிஞ்சிருச்சாம். விடியக்காலம் கம்பெனியில இருந்து போன் வந்துச்சு.” முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அவள் சுவரோடு சரிந்தாள். “தெருவுல யாருக்கும் இன்னும் தெரியாது. சொந்தக்காரங்க குரூப்ல கண்ணீர் அஞ்சலின்னு போட்டோ போட்டுருவாக. அதப் பாத்தா அத்தை நெஞ்சு தாங்குமா? பெட்டி வார வரைக்குமாவது அவுகளுக்குத் தெரிய வேண்டாம். கம்பெனிக்காரங்ககிட்ட ஒங்க நம்பரத்தாண்ணே கொடுத்திருக்கேன்.”

சற்று முன் இவளைப் பற்றி நினைத்ததற்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது இசக்கிராஜாவுக்கு. “நான் பாத்துக்கிடுதேம்மா” என்றான்.

ரம்யா முகத்தைக் கழுவினாள். குழாயை அடைத்தாள். “அத்தை, கஞ்சி கொண்டாரட்டா?” என்று கேட்டபோது அவள் குரல் எப்போதும் போல இருந்தது. பாவி மகள், அதற்கு எவ்வளவு தெம்பு வேண்டும்!

அவன் வேலையை முடித்து, மோடத்தைப் பைக்கில் கட்டிக்கொண்டிருந்தான். முத்துக்கனி சுவரைப் பிடித்துப் பிடித்துக் வாசல் கேட் வரைக்கும் வந்துவிட்டாள்.

“இந்த உடம்போட எதுக்கு வெளிய வாறிய பெரியம்மா?”

அவள் வீட்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். “அவ கேட்டாலும் இத மறுபடி கொண்டாந்து மாட்டிராதலே.”

“மாட்டல. ஒங்களுக்கு இனி ரேடியேஷன் பயமே வேண்டாம்.”

“ரேடியேஷன் கெடக்கு.” அவள் அவன் கையை இறுகப் பிடித்தாள். “காலையில அவ குளிக்கப் போயிருந்தா. நான் வழக்கம்போல எம்புள்ளைக்குப் போன் போட்டேன். எடுத்தது அவன் இல்லலே, கூட வேலை பாக்குத பையன். அழுதுக்கிட்டே எல்லாத்தையும் சொல்லிட்டான்.”

உள்ளே கஞ்சிக்குத் தட்டு வைக்கிற சத்தம் கேட்டது.

“அவகிட்ட மூச்சு விட்டுராத. பெட்டி வார வரைக்குமாவது அந்தப் பிள்ள தலையில பூ இருக்கட்டும்லே.”