மூன்றாவது வரிசை

"மேடம், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்று போன மாதமே வெர்னிஸ் தயங்கித் தயங்கி வந்து நின்றாள். "லீவுதானே? விழா முடியட்டும், ஒரு வாரமா எடுத்துக்குங்க" என்று கார்லீன் பேச்சை முடித்துவிட்டாள்.

தேவாலயத்தைக் கூட்டித் துடைப்பவளிடம் நின்று பேச இனநீதிக் குழுத் தலைவிக்கு நேரம் ஏது? அறுபது வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கறுப்பர்கள் என்பதற்காகவே இதே தேவாலயத்தில் உட்கார விடாமல் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் லூதர் டாக்கரி குடும்பத்தார். அவர்களைத்தான் கார்லீன் இரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தாள். ஓஹையோ மாநிலம் முழுக்கக் கடிதம் போட்டும் ஒருவரும் கிடைக்கவில்லை.

அவர்களிடம் மன்னிப்புக் கேட்கத்தான் இன்றைய ஆராதனை. மூன்றாவது வரிசை பெஞ்சில் டாக்கரி தம்பதியின் பெயர் பொறித்த பித்தளைத் தகடு. யாரும் உட்காராதபடி குறுக்கே வெள்ளை ரிப்பன்.

நேற்று அந்தத் தகட்டை வெர்னிஸ் வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தாள். "குழந்தை பேரு போடலையா, மேடம்?" என்றாள்.

"குழந்தை இருந்ததா பழைய குறிப்புல இல்லையே" என்று சிரித்துவிட்டு, பூ ஜாடியை நகர்த்தி வைக்கப் போய்விட்டாள் கார்லீன்.

காலை பத்தரை மணி. 'எங்கள் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கும்' என்ற உறுதிமொழியை இருநூறு வெள்ளைக்காரர்கள் எழுந்து நின்று ஒரே குரலில் வாசித்தார்கள். கார்லீனுக்குக் கண் கலங்கியது. அந்தக் காலி பெஞ்ச் மட்டும் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. அதில் உட்கார ஒரே ஒருவர் கிடைத்திருந்தால் போதுமே.

அப்போதுதான் வெர்னிஸ் பெஞ்சுகளுக்கு நடுவே இருந்த பாதையில் வந்தாள். கீழ்த்தளத்தில் காபி போட்டுக்கொண்டிருக்க வேண்டியவள், நீல உடையும் தொப்பியுமாக, ஏதோ கல்யாணத்துக்குப் போகிறவள் போல இருந்தாள். நேரே மூன்றாவது வரிசைக்கு வந்து ரிப்பனை அவிழ்த்தாள்.

கார்லீன் பதறிப்போய் ஓடிவந்து அவள் முழங்கையை மெதுவாகப் பற்றினாள். "இங்க வேணாம் வெர்னிஸ். இது அவங்களுக்குன்னு ஒதுக்கினது. பின்னால இடம் இருக்கு, பாருங்க" என்று காதோரம் சொன்னாள்.

வெர்னிஸ் தன் முழங்கையில் இருந்த அந்தக் கையைப் பார்த்தாள்.

"எங்க அப்பாவையும் இப்படித்தான் புடிச்சாங்க. இன்னிக்காவது நான் உக்காந்துக்கட்டுமா, மேடம்?"