லீவு நாள் வேலை

இருநூற்றுப் பதினோராம் பக்கத்தில் ஃபோன் அடித்தது.

விஜயராணி பக்கத்துக்குள் விரலை வைத்துக்கொண்டே எட்டி மிக்ஸியைப் போட்டாள். ஜாரில் ஒன்றும் இல்லை. சும்மா உறுமியது.

நேற்றிலிருந்து ஃபோன் வரும்போதெல்லாம் இப்படித்தான். சுதந்திர தினம் சனிக்கிழமையில் வந்து ஞாயிறோடு ஒட்டிக்கொண்டதில், திருப்பூரில் பாதி ஊர் கதவைச் சாத்திவிட்டுச் சொந்த ஊருக்குப் போய்விட்டது. புருஷன் ராமரும் தங்கை மகள் காதுகுத்துக்காகப் பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு சாத்தூருக்கு பஸ் ஏறினான். குலசாமி கோயிலில் கெடாவெட்டு.

இவள் மட்டும், பனியன் கம்பெனியில் ஷிப்மென்ட், திங்கட்கிழமை கண்டெய்னர் தூத்துக்குடியில் நிற்க வேண்டும், செக்கிங்கில் யாருக்கும் லீவு இல்லை என்று சொல்லிவிட்டு திருப்பூர் நல்லூர் வீட்டிலேயே தங்கிக்கொண்டாள்.

கம்பெனிக்கு லீவுதான்.

நூலகத்தில் எடுத்த நாவல் இரண்டு வாரமாக அரிசி டப்பாவுக்குப் பின்னால் கிடந்தது. பதினோரு வருடக் குடித்தனத்தில், இரண்டு நாள் சேர்ந்தாற்போலப் படுத்துக்கொண்டு படிக்க வேண்டும் என்பதைத் தவிர அவள் பெரிதாக ஒன்றுக்கும் ஆசைப்பட்டதில்லை. இதுவும் கைவிட்டுப் போனால் அழுதுவிடுவாள். அதனால் துணிந்து பொய் சொன்னாள். சோறு வடிக்கவில்லை, டீயும் பன்னும்தான். தலை வாரவில்லை. அப்படி ஒரு சுகம்.

"ஏ ராணி, எங்க இருக்க?" என்றான் ராமர்.

"கம்பெனியிலதாங்க. சத்தம் கேக்கலையா?"

"கேக்குது. அருண்பாண்டிக்கும் கேக்குது. எம் பக்கத்துல உக்காந்துதான் கறிச்சோறு திங்கான்."

அருண்பாண்டி அவள் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன். அவன் மட்டுமல்ல, அந்தக் கம்பெனியில் பாதிப் பேர் புருஷனின் ஊர்க்காரர்கள். இரண்டு நாளைக்கு இவ்வளவு திட்டம் போட்டவள் இதை யோசிக்கவில்லை.

மிக்ஸியை நிறுத்தினாள்.

"வீட்டுலதாங்க இருக்கேன். புஸ்தகம் படிக்கேன்."



"புஸ்தகமா?" ராமரின் குரல் இறங்கியது. "நெசத்தச் சொல்லு ராணி. கூட யாரு இருக்கா?"

உண்மையைச் சொல்லியாயிற்று. அதைவிடப் பெரிய உண்மை கைவசம் இல்லை. இன்னும் பத்து நிமிடம் இப்படியே போனால் ராமர் பஸ் ஏறிவிடுவான், மாமியாரும் கூடவே ஏறுவாள், பதினோரு வருடக் குடித்தனம் ஒரு நாவலால் சந்தி சிரிக்கும்.

மிக்ஸியை மறுபடி போட்டாள்.

"கோவிச்சுக்காதீங்க. வேற கம்பெனிக்கு வந்திருக்கேன். பீஸ் ரேட்டு. லீவுலயும் வேலைக்குப் போறேன்னா ஏசுவீங்கன்னுதான் சொல்லல."

ராமர் மூச்சு விட்டது மிக்ஸி இரைச்சலையும் மீறி அவளுக்குக் கேட்டது. லீவு நாளில் இன்னொரு கம்பெனிக்குப் போவது திருப்பூரில் எல்லோரும் செய்வது. அதை மறைப்பதும் எல்லோரும் செய்வது. வீட்டில் தனியாகப் படுத்துப் புத்தகம் படிப்பதுதான் அவன் கேள்விப்படாதது.

"கிறுக்கி, இதச் சொல்றதுக்கென்ன?" என்றவன் அந்தப் பக்கம் திரும்பிச் சொன்னான். "எம்மா, ராணி லீவுன்னுகூடப் பாக்காம வேலைக்குப் போயிருக்கா."

"பாவம்" என்று மாமியார் சொன்னது கேட்டது.

தினம் பத்து மணி நேரம் நின்றபடி பனியன் சரிபார்த்துவிட்டு வந்து விழுந்த ஒரு நாளிலும் அந்த வாயிலிருந்து வராத சொல். விஜயராணிக்குக் கண் கலங்கிவிட்டது. தலையணையை இழுத்து முதுகுக்கு வைத்துக்கொண்டாள்.

இல்லாத வேலைக்குக் கூலியை எங்கே போய்த் தேடுவது என்பது திங்கட்கிழமைக் கவலை.

"அடுத்த லீவுக்கும் அங்க வேலை இருக்குமான்னு கேட்டு வையி" என்றான் ராமர்.

அவள் புத்தகத்தை மூடி அட்டையைப் பார்த்தாள். முதல் பாகம் என்று போட்டிருந்தது. மொத்தம் நான்கு.

"கேட்டுட்டேங்க" என்றாள். "இன்னும் மூணு லீவுக்கு இருக்காம்."