எட்டு நிமிடம்

மினகுச்சியின் புகைப்படத்துக்குத்தான் முதல் பரிசு.

ஊர்ப் பொதுமண்டபத்தின் மாடியில், நடுச் சுவரில் அது மட்டும் தனியாகத் தொங்கியது. விடிந்தும் விடியாத வானம். பால்போல வெளுத்த கடல். இடது ஓரத்தில் ஒரு கரும்பாறை.

அந்தப் பாறைக்கு அப்பால், படத்துக்குச் சற்று வெளியே, என் கணவர் யசுதாகா நின்றிருந்தார். அலை அவரைப் படத்துக்குள்தான் இழுத்துப் போட்டது.

ஆனால் படத்தில் அவர் இல்லை. இருக்கவும் மாட்டார். நிமிடக்கணக்கில் ஷட்டரைத் திறந்துவைத்து எடுக்கும் படத்தில் அசைகிற எதுவும் பதியாது. அலையும் பதியாது, தத்தளிக்கிற மனிதனும் பதியமாட்டான்.

“மனிதச் சுவடே இல்லாத தூய்மை!” என்று நடுவர் உருகிக்கொண்டிருந்தார். வெளியூர்க்காரர், அவருக்கு ஒன்றும் தெரியாது. இருந்தாலும் கன்னத்தில் ஒன்று வைக்கலாம்போல இருந்தது.

போன டிசம்பரில் என் கணவரும் மினகுச்சியும் சேர்ந்துதான் அங்கே படமெடுக்கப் போனார்கள். அன்று மாலையே மினகுச்சி என் வீட்டு வாசலில் நெற்றி தரையில் பட விழுந்து கதறினார்.

“பட்டனை அழுத்தினேன், அலை வந்துடுச்சு, சுமியே-சான். கேமராவை அப்படியே போட்டுட்டு ரோட்டுக்கு ஓடினேன். கீழே போன் சிக்னலே கிடையாது.”

நம்பினேன். நம்பியது மட்டுமா, எழுப்பி உட்காரவைத்து டீ கொடுத்தேன். நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்ததும் என் கணவருடைய லென்ஸ்களையெல்லாம் துணியில் சுற்றி, நண்பரிடமே இருக்கட்டும் என்று கொடுத்துவிட்டேன்.

மீட்புப் படகுக்காரர் சொன்னது மட்டும் முள்ளாகத் தைத்துக்கொண்டிருந்தது. தூரத்தில் வரும்போது தண்ணீருக்கு மேலே ஒரு கை தெரிந்ததாம். கிட்டே வந்தபோது காணோமாம். “அஞ்சு நிமிஷம் முன்னாடி கூப்பிட்டிருந்தா...” என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அறுபத்தெட்டு வயது மனிதர் அந்தச் செங்குத்துப் பாதையில் இன்னும் எவ்வளவு வேகமாக ஓடுவார் என்று நானே மினகுச்சிக்காக வக்காலத்து வாங்கினேன்.

இப்போது அவர் புதுக் கோட்டில் என் பக்கத்தில் நின்றிருந்தார். அவனுக்காகத்தான் இந்தப் படத்தைப் போட்டிக்கு அனுப்பினேன் என்றார். கண்கூடக் கலங்கியிருந்தது.

தலையாட்டிவிட்டு, படத்துக்குக் கீழே ஒட்டியிருந்த அட்டையைப் படித்தேன்.

எங்கள் ஊர்ப் புகைப்படக் கிளப்பில் அது வழக்கம். என்ன கேமரா, என்ன லென்ஸ், என்ன ஃபிலிம், ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்று எடுத்தவரே கைப்பட எழுத வேண்டும். டிஜிட்டல் கேமரா தானே குறித்துக்கொள்ளும். ஃபிலிம்காரர்கள் அங்கேயே நோட்டில் குறித்துக்கொண்டு வருவார்கள். அதில் ஒரு நொடி கூட்டியோ குறைத்தோ எழுதுவது அவர்களுக்கு மானப் பிரச்சினை.

மினகுச்சியும் முத்து முத்தாக எழுதியிருந்தார். டிசம்பர் பதினொன்று, என் கணவர் போன அதே நாள். எட்டு நிமிடம்.

இப்படி ஒரு ஃபிலிம்காரரோடு முப்பத்தொரு வருடம் குடித்தனம் நடத்தியவளுக்கு அது போதும். மினகுச்சியின் ஃபிலிம் கேமராவில் ஷட்டர் தானாக மூடாது. திறந்து பூட்டிவிட்டால், ஒரு கை வந்து விடுவிக்கும்வரை திறந்தே கிடக்கும். போட்டது போட்டபடி ஓடியிருந்தால், அவர் திரும்பி வருவதற்குள் நன்றாக விடிந்து, படம் வெறும் வெள்ளையாகத்தான் வந்திருக்கும்.

இந்தப் படத்தில் ஒரு குறையும் இல்லை.

“மினகுச்சி-சான், எட்டு நிமிஷத்தை யாரு எண்ணினது?”

அவர் அட்டையைப் பார்த்தார். ஏதாவது பொய் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அந்த வெளிச்சம் திரும்ப வராது, சுமியே-சான்.”

அறைந்திருக்க வேண்டும். ஆனால் அந்த வாக்கியத்தை நான் முதல்முறையாகக் கேட்கவில்லை.

என் அப்பாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்த அன்று, மருத்துவமனைக்குப் போகும் வழியில், கடலோரமாகக் காரை நிறுத்தி கேமரா முக்காலியை விரித்தார் என் கணவர். அழுதேன், கெஞ்சினேன். அப்போது அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னதும் இதேதான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் முகத்தை மூடியிருந்தார்கள்.

தண்ணீரில் மினகுச்சி கிடந்து, கரையில் என் கணவர் நின்றிருந்தால்?

ஓடியிருப்பார் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.