ஐந்து மணிக்குள் ஒரு பெயர்

கணவனும் மனைவியும் தொடங்கிய சின்ன பீர் ஆலைக்கு இன்னும் பெயர் இல்லை. ஐந்து மணிக்குள் சொன்னால்தான் நாளைய திறப்புக்கு லேபிள் அச்சாகும்.

“‘பொன்நுரை’ எப்படி, மாமா?” என்றாள் மனைவி.

எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் கிளாஸிலிருந்த பீரை உறிஞ்சினார். “நகைக்கடை மாதிரி இருக்கும்மா. இன்னொரு கிளாஸ் ஊத்து.”

“‘இரட்டைப் பீப்பாய்’?” என்றான் கணவன்.

“உங்க ரெண்டு பேரையும் சொல்ற மாதிரி இருக்கு. இன்னொரு கிளாஸ்.”

ஆறு பெயர்களும் ஆறு கிளாஸும் காலியாயின. மணி நாலே முக்கால்.

“உங்க பெரியப்பா ரொம்பக் கறார்,” என்று அவள் கிசுகிசுத்தாள்.

“என் பெரியப்பாவா? உன் சொந்தம்னுல்ல நினைச்சேன்!”

இருவரும் திரும்பினார்கள்.

“கரண்ட் மீட்டர் பார்க்க வந்தேன்,” என்றார் பெரியவர். “எங்க பேச விட்டீங்க? உட்கார வெச்சு கிளாஸைக் குடுத்துட்டீங்க.”

சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வழிய, அவள் அச்சகத்துக்குப் போன் செய்தாள்.

“பேரு எழுதிக்குங்க. ‘இன்னொரு கிளாஸ்’.”