நடராசன் காது

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த நடராசனுக்குக் காதுதான் மூலதனம். ஒரு டிரான்சிஸ்டரை இரண்டு நிமிடம் பாடவிட்டால் போதும், அசல் ஜப்பானா, ஒட்டுப்போட்டதா என்று சொல்லிவிடுவான். விழுப்புரத்துக்காரர்கள்கூட செட் வாங்குமுன் பஸ் ஏறி வந்து அவனை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள். அவன் கைபட்டால் உள்ளூர் செட்கூட ஜப்பான் மாதிரிப் பாடும் என்று அவனுக்குப் பேர்.

பேர் இருந்து என்ன செய்ய? வெள்ளிக்கிழமை தங்கை அம்சாவுக்குக் கல்யாணம். ஜப்பான் டிரான்சிஸ்டர் வந்தால்தான் மணையில் உட்காருவேன் என்று ஓமந்தூர் மாப்பிள்ளை கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தார். ஊரார் செட்டையெல்லாம் பாடவைக்கிறவன் வீட்டில் சொந்தமாக ஒரு செட் இல்லை. நடராசனுக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

அன்று மத்தியானம் ஓர் ஆள் கடையேறினான். காலெல்லாம் புழுதி, சாயம் போன சட்டை. அக்குளில் இடுக்கியிருந்த துண்டு மூட்டையைப் பிரித்து இரண்டு டிரான்சிஸ்டர்களை மேஜைமேல் வைத்தான். இரண்டும் ஜப்பான். இரண்டுக்கும் புதுத் தோலுறை. கலந்து வைத்தால் எது எதென்று தெரியாது.

"எது நல்லாப் பாடுதுன்னு கேட்டுச் சொல்லணுங்க."

"எந்த ஊரு?"

"கண்டமங்கலங்க."

"போஸ்டாபீசுல எடுத்த ரேடியோ லைசென்ஸ் இருக்கா?"

"வூட்டுல இருக்குதுங்க."

சொன்னவன் தெருவைத் திரும்பிப் பார்த்தான். எதிர் டீக்கடை பெஞ்சில் ஏட்டு பெரியதம்பி டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். அவன் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நடராசனுக்குப் பொறி தட்டியது. இந்தக் கோலத்துக்கு ஒன்றுக்கு இரண்டு ஜப்பான் செட்டா? திருட்டு மால்தான், சந்தேகமே இல்லை. ஏட்டைக் கூப்பிட்டு ஒரு சத்தம் போட்டால் பயல் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவிடுவான். ஏட்டு தெருவைத் தாண்டி வருவதற்குள் ஒரு செட் மேஜைக்கடியில் போய்விடும். இன்னொன்றை அவரிடம் ஒப்படைத்தால் நல்ல பேரும் கிடைக்கும்.

எந்தச் செட்டை அம்சாவுக்கு எடுப்பது என்பதுதான் பாக்கி.

மெட்ராஸ் ரேடியோ ஸ்டேஷனில் நாகசுரக் கச்சேரி ஓடிக்கொண்டிருந்தது. நடராசன் முதல் செட்டைத் திருகினான். தவில் 'தொம்' என்று நெஞ்சில் வந்து விழுந்தது. இரண்டாவதைத் திருகினான். அதே தவில் தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி கேட்டது. மாற்றி மாற்றி மூன்று முறை கேட்டான். சந்தேகமே இல்லை.

"தெறந்து பாக்கலீங்களா?"

"தெறந்து பாக்கறதெல்லாம் காது இல்லாதவன் வேலை" என்றபடி முதல் செட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்ட நடராசன், வாசலைப் பார்த்துக் கத்தினான். "ஏட்டய்யா! ஜல்தி வாங்க! திருட்டு மாலு!"

அந்த ஆள் ஓடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றான். ஏட்டோ கூப்பிடக் காத்திருந்தவர் மாதிரி டீ கிளாசோடு வந்துவிட்டார்.

நடராசனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கைக்கெட்டிய கல்யாணச் செட் போச்சே!

"ரெண்டுமே திருட்டு மாலுங்க. போதாததுக்கு இந்தச் செட்ட நோண்டி வேற வச்சிருக்கான். அசல் ஸ்பீக்கரை உருவிக்கினு உள்ளூர் ஸ்பீக்கரைச் சொருகியிருக்கான்."

"தெறக்காமயே சொல்றியே நடராசா, நிச்சயமா?"

"என் காது தப்பாதுங்க. எந்தக் கோர்ட்டுல வேணா வந்து சொல்றேன்."

"கோர்ட்டு இருக்கட்டும். எழுதிக் குடு."

நடராசன் ரோஷத்தோடு கடை ரசீதுத் தாளிலேயே எழுதினான். கையெழுத்துப் போட்டு, ரப்பர் ஸ்டாம்பும் குத்திக் கொடுத்தான். ஏட்டு அதை ஒருமுறைக்கு இருமுறை படித்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"சின்னக்கண்ணு, எங்கிட்ட சொன்னதை இப்ப இவர்கிட்டயும் சொல்லு."

அந்த ஆள் மடியிலிருந்து இரண்டு லைசென்ஸ் புத்தகங்களை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"நானும் தம்பியும் பாண்டிச்சேரி மில்லுல வேலை பாக்கறோம். போனஸ் வாங்கினன்னிக்கே ஒரே கடையில ஆளுக்கொண்ணு எடுத்தோம். ரெண்டும் ஒரே மாதிரிதான் பாடிக்கினு இருந்துச்சுங்க."

பிறகு தகர டப்பாச் சத்தம் போட்ட செட்டை மெல்ல நடராசன் பக்கமாக நகர்த்தினான்.

"எங்க வூட்டுக்காரி தை மாசம் இந்த ஊர்ல இருக்கற அம்மா வூட்டுக்கு வந்தப்போ, பேட்டரி ஸ்பிரிங் மாத்தணும்னு இதை உங்க கடையிலதான் மூணு நாள் வுட்டு வச்சிருந்தாங்க."