புளியமரத்து ஊஞ்சல்

திருத்தணி மலையடிவாரப் பள்ளியின் வகுப்பறையில் சாயங்கால வெயில் ஜன்னல் வழியே நீளமாக விழுகிறது. வெளியே திருப்பதி பஸ் ஹாரன் அடிக்கிறது, சிறுமி பூஜிதா திரும்பவில்லை. குழந்தைகளின் காது கேளாமையை ஆராயச் சென்னையிலிருந்து வந்திருக்கும் டாக்டரம்மா அவள் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றுகிறார். பெஞ்சில் அவளுடைய அம்மா கன்னியம்மாளும் மாமன் தேசப்பனும் உட்கார்ந்திருக்கிறார்கள். கன்னியம்மாளுக்குச் சின்ன வயதிலேயே காது போய்விட்டது. புளியமரத்து ஊஞ்சலை வேகமாக ஆட்டித் தங்கச்சியைத் தான் கீழே தள்ளியதால்தான் அது போனது என்று தேசப்பன் இத்தனை காலமும் உள்ளுக்குள் குமைந்திருக்கிறான்.

"விழுந்ததால இல்லீங்க. அம்மாவுக்கும் பொண்ணுக்கும் ஒரே மரபணுக் கோளாறு. ரத்தப் பரிசோதனையில தெரிஞ்சிடுச்சு. விழாம இருந்திருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமா போயிருக்கும். பாப்பாவுக்கு இப்பவே காது மெஷின் வச்சிடலாம்," என்கிறார் டாக்டரம்மா. தேசப்பன் பூஜிதாவையே பார்க்கிறான்.

"இன்னாண்ணா சொல்றாங்க?" கன்னியம்மாள் அவன் தோளைத் தட்டுகிறாள். அவன் கையை ஊஞ்சல்போல ஆட்டி, மடியில் விழவைத்து, இல்லை என்று தலையசைக்கிறான். சிறுவயதில் இரண்டு பேரும் தாங்களாகவே உண்டாக்கிக்கொண்ட சைகைகள். பாதியிலேயே அவள் முகம் மலர்ந்துவிடுகிறது.

"அந்த ஊஞ்சலா! இன்னா ஒசரம் ஆட்டுன நீ! மலைமேல கோபுரமே தெரிஞ்சிதேண்ணா!"

தன் குரலின் அளவு அவளுக்குத் தெரியாது. அறையே திரும்பிப் பார்க்கிறது. விழுவதற்கு முன்பு அவள் சிரித்துக்கொண்டிருந்தாள் என்பது தேசப்பனுக்கு இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.