ஆணி இறங்கியபோது

எழில் சக்கரத்தைத் திருப்பினாள். ஆணி பேட்டரியைத் தொட்டு நின்றது.

பேட்டரி வாழை மட்டையைப் போல வளைந்திருந்தது. ராணுவத்தின் ஆளில்லா விமானம் ஒன்றின் இறக்கைக்குள் இருக்கும் இடைவெளிக்கு அளவெடுத்து, பேட்டரிக்கான ரசாயனப் பசையை அடுக்கடுக்காக அச்சிட்டு எடுத்தது. அச்சிட்ட இயந்திரமும் எழில் உருவாக்கியதுதான்.

பேட்டரியோடு ஒரு சின்ன விசிறியை இணைத்திருந்தார்கள். அது சுற்றிக்கொண்டிருந்தது.

வானத்தில் குண்டு துளைத்தாலும் பேட்டரி எரியக் கூடாது. இங்கே குண்டுக்குப் பதில் ஆணி.

இதற்கு முன் செய்த இரண்டும் எரிந்துபோயின. இதுவும் எரிந்தால் ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விடும். கொட்டகையைப் பூட்ட வேண்டியதுதான்.

எம். புதுப்பட்டியில் மூடிக்கிடந்த பட்டாசு அறைதான் அந்தக் கொட்டகை. வெடித்தால் ஓடித் தப்ப நாலு பக்கமும் வாசல். உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் பட்டாசு வேலை பார்த்தவர்கள்.

சோதனைக்கு வந்த பெங்களூர் அதிகாரி, ஏன் எல்லோரும் வெறுங்காலோடு நிற்கிறார்கள் என்று கேட்டார்.

"ஓடத் தோதா இருக்கும்ல சார்," என்றான் பசை நிரப்புகிற மாரீஸ்வரன்.

அதிகாரி சிரித்தார்.

எழில் இன்னொரு சுற்று திருப்பினாள். ஆணி உள்ளே இறங்கியது.

டமார்.

மாரீஸ்வரன் ஓடினான். அதிகாரி பூட்சோடு அவனை முந்தினார். எழிலும் ஓடினாள். யோசித்து ஓடவில்லை. இந்த ஊரில் கால் முதலில் போகும், புத்தி பின்னால் வந்து சேரும்.

வேலியோரம் போய் நின்றார்கள். வெடித்ததும் இங்கே முதல் வேலை தலை எண்ணுவது. எண்ணினார்கள்.

எழிலின் அம்மா சோலையம்மாளைக் காணோம். பட்டாசுக் கம்பெனிக்கு ஒருநாள் லீவு சொல்லிவிட்டு மகளோடு வந்தவள்.

எழில் திரும்பி ஓடினாள்.

புகை இல்லை. தீ இல்லை. கூரை அப்படியே இருந்தது. பேட்டரியின் நடுவில் ஆணி குத்தி நின்றது. விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் சோலையம்மாள் மூச்சு வாங்க நின்றாள். கலந்த வெடிமருந்து சூடேறுகிறதா என்று பார்ப்பதுபோல் புறங்கையைப் பேட்டரிமேல் வைத்திருந்தாள்.

"சில்லுனு கெடக்கு," என்றாள். "செஞ்சவளே ஓடுனா, வாங்க வந்தவுக எப்படிட்டி நிப்பாக?"

சத்தம் அடுத்த கம்பெனியிலிருந்து வந்திருந்தது. புது வெடி ஒன்றைச் சாம்பிள் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

அதிகாரி வந்து வெப்பமானியைப் பார்த்தார். நம்பாமல் இன்னொரு முறை பார்த்தார். பிறகு ஆணியைப் பிடித்து ஆட்டினார். விசிறி நிற்கவில்லை.

"பாஸ்," என்றார்.

மாரீஸ்வரன் விசில் அடித்தான். யாரோ ஓடிப்போய் ஆயிரம் வாலா சரம் ஒன்றைக் கொண்டுவந்து ரோட்டில் கொளுத்தினார்கள். இந்த முறை அதிகாரி ஓடவில்லை.

சரம் அடங்கியதும் அவர் எழிலிடம் சொன்னார்: "நாம எல்லாரும் ஓடினோம். உங்க பேட்டரிய நம்பி உள்ளேயே நின்னது உங்கம்மா மட்டும்தான்."

எழில் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

எவ்வளவு கூப்பிட்டும் அந்தப் பேட்டரியை நம்பி வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லி, காலையிலிருந்து அம்மா கொட்டகைக்குப் பின்னால் வேப்பமரத்தடியில்தான் உட்கார்ந்திருந்தாள்.